அரிசிக்கு ரப்பர்

நமது பள்ளிக்கூடம் குலசேகரத்துக்கு அருகே, ரப்பர்த் தோட்டங்களின் நடுவே இருக்கிறது. நம்மிடம் படிக்கும் பையன்களிற் பலருடைய வீட்டு முற்றத்தில், துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்திலேயே ரப்பர் ஷீட்டுகளும் தொங்கிக்கொண்டிருக்கும். ரப்பர் விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் இறங்கினால், அந்த மாதம் நோட்டுப் புத்தகம் வாங்குவது தள்ளிப்போகும். ஆகையால் விலைவாசிச் சமாசாரத்தில் நமது மாணாக்கர்களுக்கு உள்ள அக்கறை பட்டணத்துப் பையன்களுக்கு இருக்க நியாயமில்லை.

சில தினங்களுக்கு முன் பத்தாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, "ஸார், வியாபாரம் பேசப் போகிறவர்கள் சாமான்களின் விலையைத்தானே பேச வேண்டும்? ராணுவத்தையும் கப்பல் தளத்தையும் பற்றி எதற்காகப் பேசுகிறார்கள்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. பெரியவர்களிலும் எத்தனையோ பேர் இதைக் கேட்காமலே பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறார்கள். வியாபாரம் ஓர் இலாகா, தேசப் பாதுகாப்பு மற்றோர் இலாகா. இரண்டுக்கும் தனித்தனி மந்திரிகள், தனித்தனிக் கட்டடங்கள். ஆகவே விஷயமும் தனித்தனியே என்று நாம் நினைத்துவிடுகிறோம். "உன் வீட்டுக் கொடியில் தொங்குகிறதே ஷீட், அதன் கதையைச் சொல்கிறேன், கேள்" என்று நாம் ஆரம்பித்தோம். மணி அடித்துவிட்டபடியால் பாதியிலே நிறுத்த நேர்ந்தது. மீதியையும் சேர்த்து இங்கே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

* * *

ரப்பர் மரம் நமது பக்கத்து மரமன்று. அதன் பிறப்பிடம் பிரேஸில் தேசத்து அமேஸான் காடு. 1876-ஆம் வருஷம் அங்கிருந்து விதைகள் லண்டனுக்கு வந்து, கியூ தோட்டத்திலே முளைவிட்டன. நாற்றுகள் அவ்வாண்டே கப்பலேறி இலங்கையில் ஹெனரத்கொடை என்னும் இடத்துத் தோட்டத்தில் நடப்பட்டன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி முதலிய ஜில்லாக்களில் பிற்காலத்தில் மலைச்சாரல்களெல்லாம் ரப்பர்க் காடாயின. தேயிலை, ரப்பர், தென்னை ஆகிய மூன்று பயிர்களை விற்று வந்த பணத்தில் அரிசி வாங்கி உண்பது என்பதே அத்தீவின் ஜீவனோபாயமாயிற்று. அரிசியோ பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது.

இந்த ஏற்பாடு சௌகரியமாகத்தான் இருந்தது, 1942 வரையில். அவ்வருஷம் ஜப்பானியர் மலாயாவையும் பர்மாவையும் பிடித்துக்கொண்டார்கள். ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. ஐராவதி நதிப் பிரதேசத்து அரிசி நின்றுபோயிற்று. இலங்கையில் ரேஷன் வந்தது. மறுபுறத்தில் மலாய் ரப்பர் கைநழுவிப் போனபடியால், நேச தேசங்களுக்கு இலங்கை ரப்பரே முக்கிய ஆதாரமாயிற்று. மரத்தின் பிற்கால நலனைக் கருதாமல் கிடைத்த மட்டும் பாலை வடித்தெடுத்தார்கள். லாரிக்கும் விமானத்துக்கும் சக்கரம் வேண்டுமே! யுத்தம் முடிந்தது. வெட்டுண்டு சோர்ந்த மரங்களும், ரேஷன் கடை வரிசையும் இலங்கையில் மிஞ்சின.

ஒரே வருஷத்தில் இரண்டு பாடங்கள். ரப்பர் பிறருக்கு யுத்த சாமான். அரிசி தனக்கு உயிர்ச் சாமான். இரண்டும் கடல் வழியே வந்து போகின்றன. கடலோ தன் கையில் இல்லை. 1948 பிப்ரவரி 4-ஆம் தேதி சுதந்தரம் அடைந்தபோதும் இந்த நிலைமை மாறவில்லை. பாதுகாப்பு உடன்படிக்கையின்படி திருகோணமலைத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை 1957 வரையில் இருந்தது.

* * *

1950 ஜூன் மாதத்தில் கொரியாவில் யுத்தம் மூண்டது. யுத்தம் என்றதும் ரப்பர் விலை வானத்தை நோக்கி ஏறிற்று. அமெரிக்கா வாங்கிக் குவித்தது. தோட்டக்காரர்களுக்கு நல்ல காலம். சர்க்கார் பொக்கிஷத்துக்கும் நல்ல காலம். ஆனால் ஏறிய விலை 1951-லேயே இறங்கத் தொடங்கியது. அதே சமயத்தில் உலகச் சந்தையில் அரிசி கிடைப்பது அரிதாகி, அதன் விலை ஏறலாயிற்று. விற்பது மலிந்து வாங்குவது உயர்ந்தால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதை இல்லத்தரசிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேசத்தின் பாடும் அதுவே.

இதற்கிடையில் சீனத் துருப்புகள் கொரியா யுத்தத்தில் இறங்கிவிட்டன. 1951 மே 18-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை, சீனாவுக்கு யுத்தத்துக்கு உதவக்கூடிய சாமான்களை அனுப்பலாகாது என்று தீர்மானித்தது. மலாய் ரப்பர் சீனாவுக்குச் செல்வதைப் பிரிட்டன் தடுத்தது. அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வருஷமே ஒரு சட்டம் செய்தது. பிரேரேபித்த அங்கத்தினரின் பெயரால் அதைப் 'பாட்டில் சட்டம்' என்பார்கள். யுத்த முக்கியத்துவமுள்ள பொருள்களைக் கம்யூனிஸ்டு நாடுகளுக்கு விற்கும் தேசத்துக்கு அமெரிக்க உதவி கிடையாது என்பது அதன் சாராம்சம்.

அமெரிக்கர் கட்சியில் நியாயமில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அவர்களுடைய பிள்ளைகள் கொரியா மலைகளில் மாண்டுகொண்டிருந்தார்கள். எதிரியின் லாரிக்குச் சக்கரம் கொடுப்பவனை எவன் நண்பனென்று கருதுவான்? மலாயாவிலும் அப்பொழுது காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுக் கலகம் நடந்துகொண்டிருந்தது. ஆசியாவின் இந்தப் பாகம் முழுவதும் ஒரே நெருப்பு பரவிவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

ஆனால் கொழும்பிலும் ஓர் அச்சம் இருந்தது. அது துப்பாக்கியைப் பற்றிய அச்சமன்று. காலிப் பானையைப் பற்றிய அச்சம்.

* * *

அப்போது இலங்கையின் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா. தகப்பனார் டி. எஸ். சேனநாயக்கா 1952 மார்ச்சில் குதிரையிலிருந்து விழுந்து காலமானதைத் தொடர்ந்து பதவிக்கு வந்தவர். அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி கம்யூனிஸத்துக்குப் பரம விரோதி. சீனாவின் புதிய சர்க்காரை இலங்கை 1950-லேயே அங்கீகரித்திருந்தது என்றாலும், இரு நாடுகளுக்கும் இடையே ஸ்தானிகர்கள் கிடையாது. இப்படிப்பட்ட கட்சியின் வர்த்தக மந்திரியாகிய ஆர். ஜி. சேனநாயக்கா, 1952 செப்டம்பரில் ஒரு கோஷ்டியுடன் பீகிங் நகருக்குப் புறப்பட்டார்.

முதலில் அமெரிக்காவின் கதவைத் தட்டிப் பார்த்தபின்புதான் இந்தக் கதவுக்கு வந்தார்கள். அங்கே இலங்கை விரும்பிய விலைக்கு ரப்பரை விற்கவும், விரும்பிய விலைக்கு அரிசியை வாங்கவும் வகை ஏற்படவில்லை. பீகிங்கிலோ, ரப்பர் வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார்கள், அரிசியும் வைத்திருந்தார்கள். அக்டோபரில் 80,000 டன் அரிசிக்கு ஒப்பந்தமாயிற்று. டிசம்பர் 18-ஆம் தேதி ஐந்து வருஷ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வருஷந்தோறும் இலங்கை 50,000 டன் ரப்பர் கொடுக்க வேண்டியது. சீனா 2,70,000 டன் அரிசி கொடுக்க வேண்டியது. அந்த ரப்பர், தீவு உண்டாக்கியதில் ஏறக்குறையப் பாதி. சந்தை விலைக்கு மேலாகவே சீனா ரப்பருக்கு விலை கொடுத்தது.

ஐக்கிய நாடுகள் சபையின் தடையை இலங்கை மீறவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். அதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தச் சபையில் சேர இலங்கை மனுச் செய்தபோது ரஷ்யா தனது ரத்து அதிகாரத்தைக் கொண்டு தடுத்துவிட்டது. 1955 டிசம்பரில்தான் இலங்கைக்கு அங்கே இடம் கிடைத்தது. உறுப்பினன் அல்லாதவனை உறுப்பினர்களின் தீர்மானம் எப்படிக் கட்டும்? ஒரு கம்யூனிஸ்டு தேசம் சாத்திய கதவு, மற்றொரு கம்யூனிஸ்டு தேசத்தோடு வியாபாரம் செய்ய வழிவிட்டது!

அமெரிக்கா சட்டப்படி நடந்துகொண்டது. 1956 வரையில் இலங்கைக்கு அமெரிக்கப் பொருளாதார உதவி கிடைக்கவில்லை. இலங்கை அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. சர்க்கார்கள் மாறின. டட்லிக்குப் பின் வந்த ஸர் ஜான் கொத்தலாவலை அவரைவிடக் கடுமையான கம்யூனிஸ விரோதி; உடன்படிக்கையை அவர் கிழித்தெறியவில்லை. பண்டாரநாயக்கா அதைப் புதுப்பித்தார். ஐந்து ஐந்து வருஷமாக அது 1982 வரையில் நீடித்தது. கொள்கையால் எதிரெதிராக நின்றவர்களெல்லாரும் அரிசிக் கணக்கில் ஒன்றுபட்டார்கள்.

* * *

இத்துடன் கதையை முடித்துவிட்டால், "சிறிய தேசத்தின் துணிவு" என்று தலைப்பிட்டுக் கைதட்டிவிடலாம். ஆனால் உபாத்தியாயர்களுக்குக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்துத்தான் வழக்கம்.

உடன்படிக்கை கையெழுத்தாகி எட்டு மாதம் ஆகவில்லை. பொக்கிஷத்தில் பணம் போதவில்லையென்று சர்க்கார் 1953 ஜூலையில் அரிசி மானியத்தை வெட்டியது. ஒரு கொத்து அரிசி, அதாவது ஏறக்குறைய இரண்டு ராத்தல், 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் மத்தியான உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டு 12-ஆம் தேதி தீவில் மகத்தான ஹர்த்தால் நடந்தது. ரயில்கள் நின்றன, கடைகள் சாத்தப்பட்டன, துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் மாண்டன. மந்திரி சபை கூடிப் பேசுவதற்குக் கரையில் இடம் போதாமல், கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபௌண்ட்லாந்து' என்னும் பிரிட்டிஷ் யுத்தக் கப்பலுக்குப் போயிற்று. அக்டோபரில் டட்லி சேனநாயக்கா ராஜிநாமாச் செய்தார்.

இந்தக் காட்சியைச் சற்றே மனத்தில் வாங்கிப் பார்க்க வேண்டும். அந்நிய யுத்தக் கப்பல் துறைமுகத்தில் நின்றது, வெளிப் பகைவரிடமிருந்து தீவைக் காப்பதற்காக. அன்று அது காத்தது, சொந்த ஜனங்களின் கோபத்திலிருந்து மந்திரிகளை. பீகிங்கில் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேரம் பேசினாலும், கிராமத்து ரேஷன் கடையில் அந்தப் பேரத்தின் பலன் போய்ச் சேராவிட்டால் தேசம் பத்திரமாக இல்லை.

மற்றொரு கணக்கும் இருக்கிறது. அது தமிழர்களாகிய நமக்கு நெருங்கியது. அந்த 50,000 டன் ரப்பருக்கும் விடியற்காலையிலே மரத்தடியில் நின்று பால் வெட்டியவர்கள் யார்? சிங்களக் கிராமவாசிகள் பலர். அவர்களோடு, தமிழ் நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் சென்ற தோட்டத் தொழிலாளிகளும் பலர். 1948-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் அத்தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. மறுவருஷத்துச் சட்டத்தினால் ஓட்டும் போயிற்று. அவர்கள் வடித்த பாலைக் கொண்டு இரண்டு வல்லரசுகளோடு பேரம் நடந்தது. அந்தப் பேரத்தைப் பற்றி அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்க ஓட்டுச் சீட்டுக்கூட இல்லை. பின்னர் 1964-இல் சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களையே தொகை போட்டுப் பங்கிட்டார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களிற் பலர் நமது கன்னியாகுமரி ஜில்லாவிலும் ரப்பர்த் தோட்ட வேலையில் அமர்ந்தார்கள். நமது வகுப்புப் பெஞ்சுகளில் அவர்களுடைய பேரன்மார் இருக்கிறார்கள்.

* * *

அரிசியோடு வேறு ஏதேனும் கப்பலேறி வந்ததா? இந்தியர்களாகிய நாம் கேட்டே தீரவேண்டிய கேள்வி இது.

1962 அக்டோபரில் சீனா இமயமலையில் நம்மைத் தாக்கியது. டிசம்பரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா ஆறு நடுநிலை நாடுகளின் மகாநாட்டைக் கொழும்பில் கூட்டி, இரு தரத்தாருக்கும் சமாதானம் சொல்ல முன்வந்தார். சீனாவை ஆக்கிரமிப்பாளன் என்று இலங்கை கூறவில்லை. நமது தேசத்தில் இதனால் மனத்தாங்கல் ஏற்பட்டது. அரிசி ஒப்பந்தம் ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று சொல்வது தவறு. நடுநிலைமை அவர்களுடைய கொள்கை. ஆயினும் பத்து வருஷமாகச் சோறு போட்ட வியாபாரியைப் பற்றிக் கடுஞ்சொல் கூற நாக்கு எழுவது கஷ்டம் என்பதும் மனித சுபாவம். 1963-இல் சீனாவும் இலங்கையும் வர்த்தகக் கப்பல் போக்குவரத்து உடன்படிக்கை செய்துகொண்டபோது, திருகோணமலையைச் சீனாவுக்குத் திறந்துவிடுகிறார்களோ என்ற பேச்சு எழுந்தது. வர்த்தகம் மட்டுமே என்று இலங்கைச் சர்க்கார் விளக்கிற்று.

அரை நூற்றாண்டு கழித்து அதே பேச்சு வேறு துறைமுகத்தைப் பற்றி எழுந்தது. 2017 ஜூலையில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பெனிக்கு விட்டு, 112 கோடி டாலர் பெற இலங்கை ஒப்புக்கொண்டது. ராணுவ உபயோகம் கூடாது என்று அப்போதும் சொல்லப்பட்டது. 2022-இல் இலங்கை கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் 'யுவான் வாங் 5' என்னும் சீன ஆராய்ச்சிக் கப்பல், நமது சர்க்கார் கவலை தெரிவித்தும், அம்பாந்தோட்டையில் வந்து நின்றது. அதே வருஷத்தில் அத்தீவின் பெட்ரோலுக்கும் உணவுக்கும் மருந்துக்கும் இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்கு உதவி செய்தது. 2024 ஜனவரி முதல் அந்நிய ஆராய்ச்சிக் கப்பல்களுக்கு ஒரு வருஷத் தடை விதித்தது இலங்கை.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது ஒன்று. 1952-இல் இலங்கையிடம் ரப்பர் இருந்தது. எதிரே இருந்தவருக்கு அது அவசியமாயிருந்தது. கொடுப்பதற்கு ஒன்றை வைத்துக்கொண்டு சமமாக உட்கார்ந்து பேசிய பேரம் அது. கொடுத்ததும் வருஷத்துக்கு வருஷம் மரத்தில் மறுபடி சுரக்கும் பாலைத்தான். மரத்தையும் நிலத்தையும் அல்ல. 2017-இல் கொடுத்தது மறுபடி சுரக்கும் பொருளன்று. விளைச்சலை விற்பவன் அடுத்த வருஷம் வேறொருவனிடம் பேசலாம். வாசலையே குத்தகைக்கு விட்டவன் அப்படிப் பேச முடியாது. அண்டை வீட்டாரும் முன்னதைக் கண்டு முணுமுணுப்பார்கள். பின்னதைக் கண்டு தூக்கம் இழப்பார்கள்.

அண்டை வீட்டாராகிய நமக்கும் இதில் ஒரு புத்திமதி உண்டு. பக்கத்து வீட்டுப் பானை காலியாக இருக்கும்போது, "அவனிடம் வாங்காதே" என்று மட்டும் சொல்வது போதாது. 1952-இல் அமெரிக்கா சொன்னது ஏறக்குறைய அதுவே. வாங்காதே என்று சொன்னவர் அரிசியைக் கொண்டுவந்து வைத்திருந்தால், பீகிங் பிரயாணமே நடந்திராது. அண்டை நாட்டின் பசி நமது எல்லைப் பாதுகாப்பைச் சேர்ந்த விஷயம் என்று உணர்ந்து, காலத்தில் உதவுவதே மலிவான பந்தோபஸ்து.

மறுநாள் அந்தப் பையனிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தோம். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால், ஸார், இரண்டு இலாகா மந்திரிகளும் சேர்ந்தே போக வேண்டும்" என்றான்.

"ஆம். கூடவே ரேஷன் கார்டு வைத்திருப்பவர் ஒருவரும், பால் வெட்டுகிறவர் ஒருவரும் போனால் இன்னும் நல்லது" என்றோம்.

பையன் சிரித்தான். அவனுடைய பாட்டனார் களுத்துறையில் பால் வெட்டியவர் என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது.